விலை போகாத மாம்பழத்தில் பழ ஐஸ். மேலே ஊற்ற மல்பெரி சாஸ்

ஜூன், ஜூலை மாதங்களில் கிருஷ்ணகிரி பக்கம் போனால், தோத்தாபுரி மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் மாங்கூழ் ஆலைகளின் வாசலில் வரிசை கட்டி நிற்பதைப் பார்க்கலாம். பெங்களூரா, கிளிமூக்கு என்று நம் ஊர்களில் அழைக்கப்படும் அதே ரகம்தான். ஆலைகள் நன்றாக வாங்கும் ஆண்டில் பிரச்னை இல்லை. விற்காத கூழ் தேங்கி, ஆலைகள் கொள்முதலைக் குறைக்கும் ஆண்டில் பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டுப்படியாகாத விலைக்குப் பழம் கேட்பார்கள். எந்த ஆண்டானாலும், அடிபட்ட பழம், சிறுத்த பழம், மரத்திலேயே கனிந்து விழுந்த பழம் ஆகியவை கழிவில்தான் சேர்கின்றன.

இந்தக் கழிவுப் பழத்தை என்ன செய்வது என்பது பயிற்சிக்கு வரும் பெண்கள் தவறாமல் கேட்கும் கேள்வி. ஜாம், ஸ்குவாஷ் என்று சொல்லிவந்த நான், இப்போது பால் சேர்க்காத பழ ஐஸையும் சொல்லித் தருகிறேன். நகரத்து ஐஸ்கிரீம் கடைகளில் 'சோர்பே' என்ற பெயரில் விற்பது இதுதான். பழக்கூழ், சர்க்கரை, தண்ணீர், எலுமிச்சைச் சாறு இருந்தால் போதும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாம்பழ விலை வீழ்ச்சிக்கு இது மருந்தாகாது. டன் கணக்கில் தேங்கும் பழத்தை வீட்டு பிரிட்ஜில் தீர்க்க முடியாது. ஆனால் ஆலை கழித்துப்போட்ட ஒரு கூடைப் பழத்துக்கு வீட்டிலேயே மதிப்புக் கூட்டலாம். பிள்ளைகள் சாயம் கலந்த குச்சி ஐஸ் வாங்கித் தின்பதும் குறையும்.

கல்லாவது ஏன்?

முதன்முதலில் செய்து காட்டியபோது நான் பட்ட அவமானம் இன்னும் மறக்கவில்லை. மாம்பழத்துக்குச் சேர்த்த அதே அளவு சர்க்கரையைத் தர்பூசணிச் சாற்றுக்கும் சேர்த்தேன். மறுநாள் பாத்திரத்தில் இருந்தது செங்கல். கரண்டி வளைந்தது, மிக்ஸி ஜாரில் விரிசல் விழுந்தது. முனைவர் பட்டம் வாங்கியவர் செய்த ஐஸ் என்று எல்லோரும் சிரித்தார்கள்.

காரணம் எளிமையானது. தண்ணீர் 0 டிகிரியில் உறையும். சர்க்கரை கரைந்த தண்ணீர் அதைவிடத் தாழ்ந்த வெப்பநிலையில்தான் உறையத் தொடங்கும். தண்ணீர் பனித்துகளாகப் பிரியப் பிரிய, மீதமுள்ள பாகு மேலும் கெட்டிப்பட்டு, உறையாமலே துகள்களுக்கு இடையில் தங்கிவிடும். கரண்டி இறங்கும் மென்மையைத் தருவது அந்தப் பாகுதான். சர்க்கரை குறைந்தால் கல்லாகும். மிஞ்சினால் எத்தனை மணி நேரம் வைத்தாலும் கெட்டிப்படாது. கலவையில் மொத்தச் சர்க்கரை, அதாவது பழத்தில் உள்ளதும் நாம் சேர்ப்பதும் கூட்டி, 25 முதல் 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 27 என்று வைத்துக்கொண்டால் சரியாக வரும்.

கரும்பு முதிர்ச்சி பார்க்கும் கையடக்க பிரிக்ஸ் மீட்டர் இருந்தால், அதில் இரண்டு சொட்டு வைத்துப் பார்த்தால் போதும். கரும்பு விவசாயிகள் வீட்டிலோ, ஆலையின் களப்பணியாளரிடமோ இருக்கும். அது இல்லாதவர்களுக்கு ஒரு பழைய வழி உண்டு. கலவையில் கொஞ்சத்தைத் தனியாக டம்ளரில் எடுத்து, கழுவிய புது முட்டையை அதில் இடுங்கள். முட்டை மிதந்து, அதன் மேல்புறம் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு வெளியே தெரிந்தால் சர்க்கரை சரி. அந்த டம்ளர் சாற்றைக் கொட்டிவிடுங்கள். தர்பூசணி, திராட்சை போன்ற மெல்லிய சாற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தும். கெட்டியான மாங்கூழில் முட்டை எப்படியும் மிதக்கும் என்பதால் அங்கே நம்ப வேண்டாம், தராசை நம்புங்கள்.

செய்முறை

நன்கு கனிந்த தோத்தாபுரி 2 கிலோ எடுத்தால், தோல், கொட்டை போக ஏறக்குறைய 1 கிலோ கூழ் கிடைக்கும். அடிபட்ட இடத்தை ஆழமாக வெட்டி எறியுங்கள். பழ ஈயின் புழு இருந்தாலோ, பூசணம் பிடித்திருந்தாலோ முழுப் பழத்தையும் கழிக்க வேண்டும். கார்பைடு வைத்துப் பழுக்கவைத்த பழம் வேண்டவே வேண்டாம். அது சட்டப்படி தடை செய்யப்பட்டது. மேலும் முற்றாத காயை அப்படிப் பழுக்கவைத்தால் தோல்தான் மஞ்சளாகும், உள்ளே இனிப்பு ஏறாது.

200 மில்லி தண்ணீரில் 250 கிராம் சர்க்கரையைப் போட்டு, கொதிக்கவைத்துக் கரைத்து ஆறவிடுங்கள். கூழை நாரில்லாமல் வடிகட்டி, பாகையும் இரண்டு எலுமிச்சைப் பழத்தின் சாற்றையும் ஒரு சிட்டிகை உப்பையும் சேர்த்துக் கலக்குங்கள். தோத்தாபுரிக் கூழில் சர்க்கரை சுமார் 14 சதவீதம் இருக்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு இது. பங்கனப்பள்ளி, அல்போன்சா போன்ற இனிப்பு ரகம் என்றால் 220 கிராம் போதும். பப்பாளி, கொய்யாக் கூழில் தண்ணீர் விடாமல், கிலோவுக்கு 230 கிராம் சேர்க்கலாம். தர்பூசணிச் சாறு 1 லிட்டருக்கு 250 கிராம்.

கலவையை பிரிட்ஜின் கீழ்த்தட்டில் நான்கு மணி நேரம் குளிரவிட்டு, பிறகு அகலமான எவர்சில்வர் தட்டில் இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் ஊற்றி பிரீசரில் வையுங்கள். ஆழமான டப்பாவில் வைத்தால் மெதுவாக உறையும். மெதுவாக உறைந்தால் பனித்துகள் பெரிதாகி நாக்கில் மணல்போல் நறநறக்கும். ஒன்றரை மணி நேரத்தில் ஓரம் உறைந்திருக்கும். அதைச் சுரண்டி மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றி மறுபடியும் வையுங்கள். இப்படி மூன்று முறை செய்தால் வழவழப்பாக வரும். பிரிட்ஜ் இல்லாத வீட்டில், மூன்று பங்கு உடைத்த ஐஸுக்கு ஒரு பங்கு கல்லுப்பு கலந்து, அதன் நடுவே மூடிய பாத்திரத்தை வைத்துச் சுழற்றலாம். குல்ஃபி வண்டிக்காரர் பானைக்குள் இருக்கும் ரகசியமும் இதுதான்.

உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சாகாது. கொதித்து ஆறிய தண்ணீர், கழுவிய பழம், சுத்தமான கை இந்த மூன்றிலும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

மல்பெரி சாஸ்

மாந்தோப்பு உள்ள கிருஷ்ணகிரி, ஓசூர் பகுதியிலேயே பட்டுப்புழுவுக்காக மல்பெரியும் பயிராகிறது. இலைக்காகக் கிளையை அறுத்துவிடுவதால் காய் பழுக்க வாய்ப்பே கிடைப்பதில்லை. வரப்போரம் நான்கு செடிகளை அறுக்காமல் மரமாக விட்டால் வீட்டுக்குத் தேவையான பழம் வரும். மருந்து தெளித்த தோட்டத்துப் பழத்தைத் தொட வேண்டாம். கறுத்துக் கனிந்த பிறகே பறிக்க வேண்டும். சிவப்பில் பறித்தால் பிறகு இனிக்காது. அடியில் பழைய சேலையை விரித்துக் கிளையை உலுக்குவது சுலபம். பழம் ஒரே நாளில் நொந்துவிடும் என்பதால் அன்றே கழுவி, ஈரம் போக்கி, தட்டில் பரப்பி உறையவைத்து, மாம்பழம் வரும்வரை வைத்திருக்கலாம்.

அரை கிலோ மல்பெரிக்கு 125 கிராம் சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு. காம்பு நீக்கி, சிறு தீயில் பத்து நிமிடம் மசித்துக் கொதிக்கவிட்டு வடிகட்டினால் சாஸ் தயார். எலுமிச்சை சுவைக்கு மட்டுமல்ல. அதன் நிறமி புளிப்பில்தான் சிவப்பாக நிற்கும், இல்லாவிட்டால் நீலம் பாய்ந்து மங்கிவிடும். இரும்பு, அலுமினியப் பாத்திரத்திலும் நிறம் கெடும். எவர்சில்வரே நல்லது.

மல்பெரி கிடைக்காத ஊரில் நாவல் பழம் போதும். தாவரவியல்படி பார்த்தால் நாவல்தான் உண்மையான பெர்ரி. மல்பெரி பெயரில் மட்டுமே பெர்ரி, அது பல பூக்கள் சேர்ந்து உருவாகும் கூட்டுக்கனி. நாவல் கொட்டையை நசுக்காமல் எடுங்கள், நசுங்கினால் துவர்க்கும். இதற்கு வெள்ளைச் சர்க்கரையைவிடக் கருப்பட்டி பொருத்தம் என்பது என் நாக்கின் தீர்ப்பு. மாம்பழத்தில் கருப்பட்டி சேர்த்தால் நிறம் செத்துவிடும்.

விற்க நினைத்தால்

விற்பனை என்று வந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு கட்டாயம். கூழை 80 டிகிரிக்குச் சூடாக்கி ஆறவைத்த பிறகே உறையவைக்க வேண்டும். கடன் வாங்கி இயந்திரம் வாங்குவதை ஒரு சீசனாவது தள்ளிப்போடுங்கள். திருவிழா, வாரச்சந்தை, தோட்டத்து வாசல் என்று சிறிதாக விற்று, பழம், சர்க்கரை, மின்சாரம், கப், உங்கள் கூலி எல்லாவற்றையும் நோட்டில் எழுதிப் பாருங்கள். உங்கள் கூலியைக் கணக்கில் சேர்க்காமல் லாபம் என்று சொல்பவர்கள்தான் அதிகம்.

பெரிய எதிரி மின்வெட்டு. பாதி இளகி மறுபடி உறைந்தால் துகள் பெரிதாகிச் சுவை கெடும். முழுக்க உருகிவிட்டால் மீண்டும் உறையவைக்காதீர்கள். கெடுவதற்குள் ஜூஸாகக் குடித்துவிடுங்கள். சந்தைக்கு எடுத்துப்போக மீன் வியாபாரிகள் வைத்திருக்கும் தெர்மகோல் பெட்டி போதும். புதிதாக வாங்குங்கள், மீன் வாடை லேசில் போகாது. சாஸைத் தனி டப்பாவில் கொண்டுபோய், கப்பில் ஐஸ் வைத்த பிறகு ஊற்றிக் கொடுங்கள்.