ராஃபிள்ஸா, புல்லர்ட்டனா?

"அம்மாவையும் அப்பாவையும் சிங்கப்பூரில் பெரிய ஹோட்டலில் இரண்டு நாள் தங்க வைக்க வேண்டும், சார். எது நல்லது?" என்று என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர் இப்போது கேட்கிறார்கள். பால்மரம் சீவிப் படிக்க வைத்த பெற்றோருக்குப் பிள்ளைகள் செய்ய நினைக்கும் மரியாதை அது. அந்தப் பணம் வீணாகக் கூடாதல்லவா?

பழம்பெருமை வாய்ந்த ஹோட்டல் என்றால் அங்கே முதலில் சொல்லப்படும் பெயர் ராஃபிள்ஸ். ஆர்மீனியர்களான சார்க்கீஸ் சகோதரர்கள் 1887-இல் பத்தே அறைகளுடன் தொடங்கினார்கள். அன்று வாசலுக்கு எதிரே கடல். பிறகு கடலைத் தூர்த்துவிட்டதால் இன்று அலையைக் காண முடியாது. 1902-இல் கண்காட்சியிலிருந்து தப்பிய புலியொன்று இதன் பில்லியர்ட்ஸ் கூடத்துக்கு அடியில் புகுந்துகொண்டது. அதைச் சுட்டவர் ஒரு பள்ளித் தலைமையாசிரியர்! (எங்கள் தொழிலில் வீரர்களும் இருந்திருக்கிறார்கள்.)

மலாயாத் தோட்டங்களின் வெள்ளைக்காரத் துரைமார் விடுமுறை கிடைத்தால் வந்து குடித்துக் களித்த இடமும் இதுதான். நம் பாட்டன் பாட்டி சீவிய பாலில் ஒரு பங்கு இங்கேதான் செலவாகியிருக்கும். பழுது பார்த்து 2019-இல் மீண்டும் திறந்தார்கள். இப்போது உள்ளவை 115 அறைத் தொகுதிகள். ஓர் இரவுக்கு ஆயிரம் வெள்ளிக்குக் குறைவாகக் கிடைப்பது அரிது.

புல்லர்ட்டன் வேறு ரகம். சிங்கப்பூர் ஆறு கடலில் சேரும் இடத்தில், பெரிய பெரிய தூண்களோடு 1928-இல் எழுந்த இந்தக் கட்டடம் தலைமைத் தபால் நிலையமாக இருந்தது. சிங்கப்பூரில் பாடுபட்ட நம்மவர்கள் ஊருக்குக் கடிதமும் மணியார்டரும் அனுப்ப ஏறி இறங்கிய படிகள் அவை. நாம் ஊர்களை ஏழாங்கட்டை, பத்தாங்கட்டை என்று சொல்கிறோமே, சிங்கப்பூர்ச் சாலைகளின் கட்டைக் கணக்கு ஒரு காலத்தில் எண்ணப்பட்டதும் இங்கிருந்துதான். 1942 பிப்ரவரியில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது காயம்பட்டவர்களை இங்கே கிடத்தி வைத்தியம் பார்த்தார்கள். தபால் நிலையம் 1996-இல் வெளியேறியது. 2001-இல் ஹோட்டலானது. அறைகள் ஏறக்குறைய 400. வாடகையும் பெரும்பாலும் ராஃபிள்ஸை விடக் குறைவு.

என்னைக் கேட்டால் புல்லர்ட்டன்தான். அம்மாவுக்குச் சொல்ல அங்கே கதை இருக்கிறது. சௌத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலுக்கு நடந்தே போகலாம், கால் மணி நேரம் போதும். ராஃபிள்ஸில் கடைகள் இருக்கும் பகுதிக்கு யாரும் போகலாம். ஒரு மாலை அங்கே சுற்றிப் பார்த்துவிட்டு வந்தால் போயிற்று.

ஆனால் புல்லர்ட்டனில் சில அறைகளின் சன்னல் கட்டடத்தின் உள்முற்றத்தைப் பார்த்துத் திறக்கும். ஆற்றையோ கடலையோ பார்த்த அறையாகக் கேட்டு வாங்குங்கள். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருக்கும். அதைக் கவனிக்காமல் விடாதீர்கள். சேவைக் கட்டணம் 10 விழுக்காடு, அதையும் சேர்த்து அதன்மேல் வரி 9 விழுக்காடு என்று பொருள். 500 வெள்ளி என்று போட்ட அறைக்குக் கட்ட வேண்டியது 599 வெள்ளி 50 காசு. அதுவும் சிங்கப்பூர் வெள்ளி. நம் ரிங்கிட்டில் மூன்று மடங்குக்கும் மேல் வரும். காலைச் சாப்பாடு அதில் சேர்த்தியா என்பதையும் முன்பே கேளுங்கள்.

மகன் அறை வாடகையைக் கட்டிவிட்டாலும், போய் இறங்கும்போது கவுண்டரில் கடன் அட்டை கேட்பார்கள், இல்லையென்றால் முன்பணம் கேட்பார்கள். தோட்டத்திலிருந்து போகும் தாய் தகப்பன் பத்துப் பேர் முன்னால் விழித்துக்கொண்டு நிற்கக் கூடாது. அந்தப் பொறுப்பும் தன்னுடையதே என்று மகன் ஹோட்டலுக்கு முன்கூட்டியே எழுதி, பதிலை வாங்கி அப்பாவின் கையில் கொடுத்தனுப்பட்டும். வேட்டியும் சேலையும் கட்டிக்கொண்டு தாராளமாகப் போகலாம். அறையிலுள்ள சின்னக் குளிர்பெட்டியைத் திறந்து குடித்தால் மட்டும் பில்லில் ஏறும்.