படைவீரரின் பண்ணை: முதலில் நீர், கடைசியில் வீடு

வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை போன்ற ஊர்களிலிருந்து தலைமுறை தலைமுறையாக இளைஞர்கள் ராணுவத்துக்குச் சென்று வருகின்றனர். சிப்பாய்களாகச் சேர்ந்தவர்களில் பலர் 40 வயதுக்குள்ளாகவே ஓய்வு பெற்று ஊர் திரும்புகின்றனர். உழைக்கும் வயது, கையில் ஒரு தொகை, 2 ஏக்கர் பூர்வீக நிலம் ஆகிய மூன்றும் இருந்தால் நல்லதொரு குடும்பப் பண்ணையை அமைக்கலாம். ஆனால் செலவின் வரிசை மாறினால் கைமுதல் கரைந்துவிடும்.

கைமுதலின் தன்மை

ஓய்வின்போது பணிக்கொடை கிடைக்கிறது. ஓய்வூதியத்தில் 50 சதவீதம் வரை ஒப்படைத்து முன்பணமாகவும் பெறலாம். ஒப்படைத்த பங்கு 15 ஆண்டுகள் கழித்தே மீண்டும் சேரும். எனவே இது வருங்கால மாத வருமானமேயன்றி இனாமன்று. முழுவதையும் மாடி வீட்டில் முடக்கினால், விதைக்கும் உரத்துக்கும் கடன் வாங்க நேரிடும்.

முதலாண்டு: அறிதல்

வீரர் எல்லையில் இருந்த காலத்தில் நிலத்தைக் காத்தவர்கள் மனைவியும் பெற்றோரும் உடன்பிறந்தோருமே. எங்கே நீர் தேங்கும், எந்த வயலில் உப்புப் பூக்கும் என்பதை அவர்கள் அறிவர். அவர்களைக் கலந்தே திட்டமிட வேண்டும். பாகப்பிரிவினையும் பட்டாவும் சரியாக உள்ளனவா என்று பார்த்த பின்னரே செலவைத் தொடங்குதல் நலம். மண்ணையும் பாசன நீரையும் பரிசோதிப்பது அவசியம்.

நீர்

கோடையில் கிணறு எத்தனை மணி நேரம் இறைக்கிறது, மீண்டும் ஊற எவ்வளவு நேரமாகிறது என்று குறித்து வையுங்கள். அந்த நீருக்கேற்பவே பயிர்ப் பரப்பு அமைய வேண்டும். பாறைப்பாங்கான பகுதிகளில் ஆழ்குழாய்க் கிணறு பொய்ப்பதுண்டு. ஒன்று பொய்த்தால் உடனே அடுத்ததைத் தோண்டலாகாது. 1 ஏக்கரில் 25 மி.மீ. மழை பெய்தால் விழும் நீர் சுமார் 1 லட்சம் லிட்டர். வரப்பை உயர்த்தி, தாழ்ந்த மூலையில் பண்ணைக்குட்டை வெட்டினால் இதில் ஒரு பகுதியைத் தேக்கலாம். சொட்டு நீர்ப் பாசன மானியம் பற்றித் தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் விசாரித்து விண்ணப்பிக்கலாம்.

2 ஏக்கருக்கு ஒரு திட்டம்

கோடையிலும் நீர் உள்ள நிலமானால் 1 ஏக்கரில் தென்னை வைக்கலாம். 25 அடி இடைவெளியில் ஏறக்குறைய 70 கன்றுகள் கொள்ளும். நெட்டை ரகம் காய்க்க 6, 7 ஆண்டுகள் ஆகலாம். அதுவரை இடையில் நிலக்கடலை, உளுந்து, காய்கறி பயிரிட்டு வருமானம் பெறலாம். நீர் குறைவானால் தென்னையைத் தவிர்த்து மா, புளி போன்ற மரங்களை நடுவதே ஏற்றது.

மீதியில் 55 சென்ட் நிலக்கடலை அல்லது பயறு வகைக்கும், 10 சென்ட் முருங்கை, காய்கறிக்கும், 20 சென்ட் தீவனத்துக்கும், 15 சென்ட் வீடு, தொழுவம், எருக்குழிக்கும் ஒதுக்கலாம். பெரியகுளத்திலிருந்து 1989-ல் வெளியிடப்பட்ட பி.கே.எம். 1 முருங்கை, விதைத்த ஆண்டிலேயே காய்க்கும். வேலியோரம் கிளுவை, கிளைரிசிடியா போத்துகளை நட்டால் உயிர்வேலியும் தழையும் கிடைக்கும்.

கறவை மாடு

தீவனத்துக்குப் பின்பே மாடு. கோ 5 கம்பு நேப்பியர் புல்லின் முதல் அறுவடை 75 முதல் 80 நாட்களில் வரும். பிறகு 45 நாட்களுக்கொரு முறை அறுக்கலாம். ஒரு கறவைப் பசுவுக்கு நாளொன்றுக்கு 25 கிலோவுக்குக் குறையாமல் பசுந்தீவனம் தேவை. முதலில் ஒரு பசு போதும். அதன் கணக்கு ஓராண்டு கைகொடுத்த பின் இரண்டாவதை வாங்கலாம்.

வீடு

நீரும் வேலியும் மரமும் மாடும் நிலைத்த பிறகு வீட்டைக் கட்டுவதே முறை. அதுவரை பழைய வீட்டைச் செப்பனிட்டு இருக்கலாம்.

பணியில் இருப்போர் ஓய்வுக்கு முன்பே ராணுவ மறுவாழ்வுத் துறையின் பயிற்சிகளைப் பற்றி விசாரிப்பது நல்லது. ஊர் திரும்பியோர் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தையும் வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம். மகளின் திருமணத் தொகை, நகை விற்ற பணம் என ஒருமுறை மட்டும் பெருந்தொகை கைக்கு வரும் எந்தச் சிறு விவசாயிக்கும் இதே வரிசை பொருந்தும்.