வாங்குவோர் வழிகாட்டி (ஐக்கிய அமெரிக்கா)

வாங்குவோர் வழிகாட்டி என்பது ஐக்கிய அமெரிக்காவில் வணிகர்கள் விற்கும் பழைய மகிழுந்துகளில் ஒட்டப்பட வேண்டிய அறிவிப்புத் தாள் ஆகும். கூட்டாட்சி வணிக ஆணையத்தின் விதிப்படி 1985 முதல் இது கட்டாயமாகும். தமக்கெனத் தனி விதிகளைக் கொண்ட மேய்ன், விஸ்கொன்சின் மாநிலங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

வண்டிக்கு உத்தரவாதம் உண்டா, அல்லது அது 'உள்ளது உள்ளபடியே' விற்கப்படுகிறதா என்பதை இத்தாள் தெரிவிக்கும். உள்ளபடியே விற்கப்பட்ட வண்டியில் மறைந்திருந்த பழுது பின்னர் வெளிப்பட்டால், செலவு பொதுவாக வாங்கியவரையே சாரும். வணிகர் தாம் அறிந்த பழுதுகளைத் தாளில் எழுத வேண்டும் என்ற நிபந்தனை இவ்விதியில் இல்லை. எனவே, வாங்குமுன் வேறொரு பழுதுபார்ப்பவரைக் கொண்டு வண்டியைச் சோதிப்பது பற்றியும், வாய்மொழி உறுதிகளை எழுத்தில் பெறுவது பற்றியும் தாளிலேயே அறிவுறுத்தப்படுகிறது.

பேரத்தில் உத்தரவாதம் மாறினால், அம்மாற்றம் தாளிலும் குறிக்கப்பட வேண்டும். ஒப்பந்தத்தில் முரணான வாசகம் இருப்பின், தாளில் உள்ளதே செல்லும்.