அம்மா மனு போட்டால் பிள்ளையின் பணம் நிற்குமா?



பாபநாசம் பக்கம் ஒரு ஊரில் குழுக் கூட்டம். சேமிப்பு கட்டி, தீர்மானம் எழுதி முடித்த பிறகு ஒரு சகோதரி தயங்கித் தயங்கிப் பேசினார். அவருடைய மகனுக்குப் பதினாறு வயது. மூளை முடக்குவாதம். குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, தூக்கி உட்கார வைப்பது எல்லாம் அம்மாதான். நடவு, களையெடுப்பு என்று கூலி வேலைக்குப் போய் நாலு வருஷமாச்சு. மகனுக்கு மாதாமாதம் பராமரிப்பு உதவித்தொகை வருகிறது.

"நான் உரிமைத்தொகைக்கு எழுதிப் போட்டா, புள்ளைக்கு வர்ற பணத்த நிறுத்திப்புடுவாங்களாமே, நெசமா அக்கா?"

இந்தப் பயத்தில் 2023-ல் அவர் மனுவே கொடுக்கவில்லை. மாதம் 1000 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 12,000 ரூபாய். வேலைக்குப் போக முடியாத ஒரு தாய்க்கு அது எவ்வளவு பெரிய தொகை!

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அந்தக் காரணத்துக்காகப் பிள்ளையின் பணம் நிற்காது. ஏன் என்று பார்ப்போம்.

யார் பணம் யாருக்கு?

பராமரிப்பு உதவித்தொகை பிள்ளையின் பணம். மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தருகிறது. 2023-ல் இது மாதம் 2000 ரூபாய். கை, கால் குறைபாடு 75 சதவீதமோ அதற்கு மேலோ இருப்பவர்கள், அறிவுசார் குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருப்பவர்கள், தசைச்சிதைவு, முதுகுத் தண்டுவட பாதிப்பு உள்ளவர்கள் போன்றோருக்கு உரியது.

கலைஞர் மகளிர் உரிமைத்தொகை அம்மாவின் பணம். 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. நன்செய் 5 ஏக்கருக்குள், குடும்ப வருமானம் வருஷம் இரண்டரை லட்சத்துக்குள் என்றெல்லாம் அப்போது தகுதி வைத்தார்கள். வீட்டில் பராமரிப்பு உதவித்தொகை வாங்கும் மாற்றுத்திறனாளி இருந்தாலும், மற்றத் தகுதிகள் சரியாக இருந்தால் விண்ணப்பிக்கலாம் என்று அந்த விதிகளிலேயே எழுதியிருந்தது. மாமியார் முதியோர் ஓய்வூதியம் வாங்கும் வீட்டில் மருமகள் விண்ணப்பிக்கலாம் என்றும் 2023 ஆகஸ்டில் அறிவித்தார்கள்.

கவனித்துக்கொள்பவருக்கு என்று தனிப் பணம் உண்டா? உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அதிக உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி தரவேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் இதற்காக மாதம் 1000 ரூபாய் ஒதுக்கினார்கள். இது பராமரிப்பு உதவித்தொகையோடு கூடுதலாகத் தருவது. அதைக் கழித்துக்கொண்டு தருவது அல்ல.

பிரிட்டன் போன்ற நாட்டில் விதி வேறு. அங்கே உறவினர் பராமரிப்பாளர் பணம் வாங்கினால், ஊனமுற்றவருக்கு வரும் ஒரு கூடுதல் தொகை நின்றுபோவது உண்டு. நம் ஊரில் அப்படி இல்லை.

எங்கே சிக்கல் வரும்?

ஒரே ஆள் பெயரில் இரண்டு உதவித்தொகை வாங்கினால்தான் சிக்கல். வருவாய்த்துறையும் மாற்றுத்திறனாளிகளுக்கு ஓய்வூதியம் தருகிறது. 2023 ஜனவரியில் அது 1500 ரூபாய் ஆனது. அதையும் பராமரிப்பு உதவித்தொகையையும் ஒருவரே சேர்த்து வாங்க முடியாது. அதனால்தான், வருவாய்த்துறையில் பணம் வாங்கவில்லை என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று கேட்கிறார்கள்.

பணம் நின்றுபோனதற்குப் பல வீடுகளில் காரணம் வேறாக இருக்கும். வாழ்நாள் சான்று கொடுக்க மறந்திருப்போம். வங்கிக் கணக்கில் ஆதார் சேராமல் இருக்கும். அந்த மாதமே பக்கத்து வீட்டு அக்கா மனு போட்டிருப்பார். இரண்டையும் முடிச்சுப் போட்டு ஊரே பேசிவிடும்!

நாம் செய்ய வேண்டியவை

* பிள்ளையின் அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். எத்தனை சதவீதம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.
* எந்தத் துறையிலிருந்து பணம் வருகிறது என்று வங்கிப் புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.
* தொகையும் விதியும் அவ்வப்போது மாறும். தஞ்சாவூரில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள்.
* மனு தள்ளுபடி ஆனால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம்.

பிள்ளையை விட்டுவிட்டு அலுவலகத்துக்கு அலைய முடியாத தாய் உங்கள் குழுவில் இருக்கலாம். ஒரு நாள் ஒருவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளட்டும், இன்னொருவர் துணைக்குப் போகட்டும். அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகவே எழுதுங்கள்.

பாபநாசம் சகோதரி இப்போது காகிதங்களை எடுத்து வைத்திருக்கிறார். துணைக்குக் குழுவின் ஊக்குநர் போகிறார்.