கடல் கடந்த புகழ்

விளையாட்டு வீரர் ஒருவரை அவர் பிறந்த நாடு போற்றுவதில் வியப்பில்லை. மொழியும் பழக்கமும் முற்றிலும் வேறான ஒரு நாடு அவரைத் தன் வீட்டுப் பிள்ளையாகக் கொள்ளுமாயின், அதன் காரணத்தை ஆராய்தல் தகும். செர்பியரான திராகன் ஸ்டோய்கோவிச் மீது ஜப்பானின் நகோயா நகரத்தார் கொண்ட அபிமானம் அத்தகையது.

இவர் 1965ஆம் ஆண்டு நிஷ் நகரில் பிறந்தவர். கேலிச் சித்திரப் படத்தில் வரும் 'பிக்ஸி' என்ற சுண்டெலியின் பெயரே இவருக்குச் செல்லப் பெயராயிற்று. 1990 உலகக் கோப்பைப் போட்டியில் யுகோஸ்லாவியாவுக்காக ஆடி, ஸ்பெயினுக்கு எதிராக இரண்டு கோல்களையும் இவரே அடித்தார். பின்னர்க் காலம் மாறியது. முழங்கால் காயம் ஒரு புறம். நாடு சிதறிய துயரம் மறுபுறம். ஐக்கிய நாடுகள் சபையின் தடையால், 1992 ஐரோப்பியப் போட்டியில் யுகோஸ்லாவியக் குழு கலந்துகொள்ள இயலவில்லை.

1994இல் இவர் நகோயா கிராம்பஸ் குழுவில் சேர்ந்தார். ஜப்பானியத் தொழில்முறைக் கால்பந்து தொடங்கி அப்போது ஓராண்டே ஆகியிருந்தது. குழுவோ பின்தங்கிக் கிடந்தது. அவ்வாண்டில் ஒரு நாள் பெருமழை, மைதானம் குளமாகிவிட்டது. தேங்கிய நீரில் பந்து உருளுமா? இவர் அதை அந்தரத்திலே தட்டித் தட்டி, தரையில் விழவிடாமல் முன்னேறினார். சிலர் இதை வித்தை என்பர். உருளாத பந்தை நகர்த்த வேறு வழி என்ன என்று நான் கேட்கிறேன்! ஆர்சேன் வெங்கர் பயிற்சியாளராக வந்த 1995இல், அந்த லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருது இவரை அடைந்தது. முன்கோபக்காரர்தாம், நடுவர்களோடு சச்சரவும் உண்டு. ஆயினும் மக்கள் அதைப் பொறுத்துக்கொண்டனர்.

1999 மார்ச்சில் நேட்டோ விமானங்கள் யுகோஸ்லாவியா மீது குண்டு வீசத் தொடங்கின. சில நாட்களில் நடந்த ஆட்டத்தில் இவர் மேற்சட்டையை உயர்த்தி, தாக்குதலை நிறுத்தக் கோரும் வாசகம் எழுதிய உட்சட்டையைக் காட்டினார். ஆடுகளத்தில் அரசியல் கூடாது என்பது நியாயமான கொள்கையே. ஆனால் பிறந்த மண் எரிகையில் ஒருவன் மௌனமாகப் பந்தை உதைக்க வேண்டும் என்று வற்புறுத்த என் மனம் ஒப்பவில்லை. மே மாதத்தில் நிஷ் நகரமும் குண்டுகளுக்கு இரையாயிற்று.

2001இல் ஓய்வு பெற்ற இவர், 2008இல் அதே குழுவுக்குப் பயிற்சியாளராகத் திரும்பினார். 2010இல் நகோயா முதன்முறையாக லீக் பட்டம் வென்றது. அதற்கு முந்திய ஆண்டு யோகோஹாமாவில் நடந்ததைத்தான் பலரும் இன்றும் பேசுகின்றனர். காயமுற்ற வீரர் ஒருவருக்காக எதிரணிக் கோல் காப்பாளர் பந்தை வெளியே உதைத்தார். அது கோட்டருகே நின்ற ஸ்டோய்கோவிச்சிடம் பறந்து வந்தது. கோட்டும் தோற்காலணியும் அணிந்திருந்த அவர், தரையில் விழுமுன் அதை உதைத்தார். நெடுந்தொலைவு சென்ற பந்து நேரே கோலுக்குள் புகுந்தது. கோல் கணக்கில் சேரவில்லை. நடுவர் அவரை வெளியேற்றிவிட்டார்.