குசினிக்கு ஒரு கொங்கிறீற் தட்டு

வீட்டு வேலை குசினிக்கு வந்து சேரும்போது பலரது கையில் காசு முடிந்துவிடுகிறது. முழங்கால் நோவுள்ள அம்மாவும் நிலத்தில் குந்தியிருந்தே கறிக்கு வெட்டுகிறார். 6 அடி நீளம், 2 அடி அகலம், 2½ அங்குலத் தடிப்புள்ள தட்டுக்கு ஏறக்குறைய அரைப் பை சீமெந்து போதும். கட்டிபட்ட பழைய சீமெந்து வேண்டாம்.

ஒரே தட்டாக வார்த்தால் தூக்க முடியாது. 3 அடியில் இரண்டாக வாருங்கள். ஒவ்வொன்றும் 85 கிலோ அளவில் இருக்கும். நாலு பேர் தூக்கலாம். சமமான நிலத்தில் பொலித்தீன் விரித்து, சுற்றிவரப் பலகையால் சட்டம் அடியுங்கள்.

தட்டின் மேல் பாரம் வைக்கும்போது அதன் அடிப்பக்கம்தான் இழுபட்டு வெடிக்கும். ஆகவே கம்பி அடிப்பக்கத்திலேயே இருக்கவேண்டும். 6 மில்லிமீற்றர் கம்பியை 6 அங்குல இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் கட்டி, முக்கால் அங்குலக் கற்துண்டுகளின் மேல் வையுங்கள். பொலித்தீனோடு ஒட்டிக் கிடந்தால் கறள் பிடிக்கும். தட்டைத் தலைகீழாக வைத்தால் கம்பியால் பயனில்லை. ஈரமாக இருக்கும்போதே மேற்பக்க ஓரத்தில் ஆணியால் ‘மேல்’ என்று எழுதிவிடுங்கள்.

கம்பி தேடி இடிந்த வீடுகளுக்குள் போகாதீர்கள். கண்ணிவெடி அகற்றப்பட்டதென்று உறுதிசெய்யப்படாத காணியில் மணலோ கல்லோ அள்ளாதீர்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கு அறிவியுங்கள். ஒரு குசினித் தட்டுக்காகக் காலை இழக்க வேண்டாம்.

கடற்கரை மணலும் உவர்க் கிணற்றுத் தண்ணீரும் கம்பியை அரிக்கும். கரையோரக் கிராமத்தவர்கள் குடிக்கிற தண்ணீரிலேயே குழையுங்கள்.

ஒரு வாளி சீமெந்துக்கு இரண்டு வாளி மணல், நாலு வாளி அரை அங்குலச் சல்லி. அரைப் பைக்குத் தண்ணீர் 12 லீற்றருக்கு மேல் வேண்டாம். மணல் ஈரமென்றால் இன்னும் குறையுங்கள். குழைக்கச் சுகமாக இருக்கிறதென்று தண்ணீரைக் கூட்டுவதுதான் நாம் அடிக்கடி காணும் பிழை. அப்படி வார்த்த தட்டு பலமிழந்து, மேற்பரப்பு மாவாக உதிரும். சீமெந்து தோலை எரிக்கும். கையுறை போடுங்கள், பிள்ளைகளை விலக்கி வையுங்கள்.

கலவையைத் தடியால் நன்றாகக் குத்தி இறுக்குங்கள். மேலே ஊறிய தண்ணீர் வற்றிய பிறகே கரண்டியால் தேயுங்கள். தண்ணீர் நிற்கும்போது வெறும் சீமெந்து தூவினால் பின்னர் மயிர்வெடிப்பு வரும்.

அடுத்த நாளிலிருந்து 7 நாள் ஈரச் சாக்கால் மூடி வையுங்கள். எங்கள் வெயிலுக்கும் காற்றுக்கும் காலையும் மாலையும் நனைத்தால் போதாது. சாக்கு காயவே கூடாது. அதற்கு முன் தூக்க வேண்டாம்.

தட்டுகளைத் தாங்க மூன்று கட்டுச் சுவர்கள் வேண்டும்; நடுச்சுவரில் இரண்டு தட்டும் அமரும். உயரத்தைச் சமைப்பவரே தீர்மானிக்கட்டும், மேசன் அல்ல.

தேசிக்காய்ச் சாறும் புளியும் சீமெந்தை அரிக்கும். சிந்தினால் உடனே கழுவுங்கள். விறகடுப்பை நேரே தட்டின்மேல் வைத்தால் சூட்டில் வெடித்துத் தெறிக்கும். அடுப்புக்குக் கீழே களிமண் பரப்பி, அதன்மேல் செங்கல் அடுக்குங்கள்.