தொழில்முனைவோர்: குணமா, வகுப்பா?

நான் செய்த ஒரு தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஒரு கல்லூரியில் தொழில்முனைவுப் பாடம் எடுத்தேன். திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்துப் பையன் ஒருத்தன் வகுப்பில் இருந்தான், வாயே திறக்க மாட்டான். எல்லார் முன்னாடியும் நின்று தொழில் யோசனை சொல்லும்போது தடுமாறினான். "இவனுக்கு பிசினஸ் வராது" என்று முடிவு கட்டி, மார்க்கைக் குறைத்துப் போட்டேன். அவன் வீட்டில் கரிமூட்டம் போடுகிறார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. சீமைக்கருவேல விறகு என்ன விலை, தூளாய்ப் போவது எவ்வளவு, வியாபாரி எதைச் சொல்லி விலையை அடிப்பார், எல்லாம் அவனுக்கு அத்துப்படி. நான்தான் கேட்கவே இல்லை.

தொழில் செய்யும் குணம் பிறவியில் வருவதா, கற்றுக்கொடுத்தால் வருமா? இதை நம்ம நாட்டிலேயே சோதித்திருக்கிறார்கள். 1960-களில் உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட், ஆந்திராவின் காக்கிநாடா வியாபாரிகளுக்குச் சுமார் 10 நாள் பயிற்சிக்கு ஏற்பாடு செய்தார். விரிவுரை குறைவு, செய்து பார்ப்பது அதிகம். எட்டக்கூடிய, ஆனால் கொஞ்சம் சிரமமான இலக்கைத் தானே வைப்பது, அதை எட்டினோமா என்று தானே கணக்குப் பார்ப்பது. பயிற்சி எடுத்தவர்கள் புதுத் தொழில் தொடங்குவதிலும் முதலீடு போடுவதிலும் மற்றவர்களைவிட முன்னே போனார்கள். சாதி, சம்பிரதாயம் பெரிய தடையாக இல்லை.

2017-ல் வெளியான ஆப்பிரிக்க டோகோ நாட்டு ஆய்வு இன்னும் தெளிவு. 1,500 சிறுதொழில்காரர்கள். கணக்கு, மார்க்கெட்டிங் என்று வழக்கமான பாடம் படித்தவர்களுக்குச் சொல்லும்படி லாபம் கூடவில்லை. தானாக முன்கை எடுக்கப் பழக்கிய குழுவுக்கு லாபம் 30 சதவீதம் கூடியது. அப்போ குணம் அசையும், பாடம் எடுக்கும் விதம் சரியாக இருந்தால்!

ஆனால் எல்லா மாணவர் திட்டமும் பலிக்காது. மாணவர்களே சின்ன கம்பெனி நடத்தும் ஒரு திட்டத்தை நெதர்லாந்தில் ஆராய்ந்து 2010-ல் வெளியிட்டார்கள். திறமை கூடவில்லை, தொழில் தொடங்கும் ஆசை குறைந்தே போனது.

காக்கிநாடாவில் இன்னொன்றும் தெரிந்தது. தன் கடையில் முடிவெடுக்கும் அதிகாரம் இருந்தவர்களிடம்தான் மாற்றம் தெளிவாக இருந்தது. மூட்டம் அப்பாவுடையது, விலை வியாபாரி வைப்பது என்றால் பையன் எதை முடிவு செய்வான், சொல்லுங்க?

அதனால் நான் மாற்றிக்கொண்டது இரண்டு. மேடைப் பேச்சுக்கு மார்க் கிடையாது. வீட்டுத் தொழிலில் ஒரே ஒரு சின்ன முடிவைக் கேட்டு வாங்கி, ஒரு மாதம் கணக்கு எழுதி வரணும். தூள் கரியைத் தனியாகச் சலித்து விற்றால் என்ன கிடைக்கும்? அந்த மாதிரி.

அந்தப் பையனுக்கு இது கிடைக்கவில்லை. அவனுக்கு நான் கொடுத்தது அந்தக் குறைந்த மார்க் மட்டும்தான்.